வட்டத்தின் அளவுகள்: விட்டம், சுற்றளவு, பரப்பளவு முதல் உடைந்த துண்டிலிருந்து ஆரம் காண்பது வரை

வட்டத்துக்கான சூத்திரங்கள் பெரும்பாலானவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் விடை தப்பிப்போகிறது. காரணங்களைத் தேடினால் அநேகமாக இவைதான் அகப்படும்: விட்டத்தை ஆரம் என்று எடுத்துக்கொள்வது, செ.மீட்டரையும் மீட்டரையும் கலப்பது, நூலைச் சாய்வாகச் சுற்றுவது, கணக்கின் நடுவிலேயே எண்ணை முழுதாக்கிவிடுவது. பை (π) என்னும் எண்ணை எட்டுத் தசமம் வரை எழுதிவிட்டு விட்டத்தைக் குத்துமதிப்பாக அளந்தால் அந்த எட்டுத் தசமத்தால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அளப்பதற்கு இங்கே கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறோம்.

முதலில் பெயர்கள். வட்டத்தின் நடுப்புள்ளி மையம். மையத்திலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம் ஆரம். ஒரு விளிம்பிலிருந்து மையம் வழியாக எதிர் விளிம்பு வரை போனால் விட்டம். அது ஆரத்தின் இரு மடங்கு. விளிம்பைச் சுற்றி வரும் நீளம் சுற்றளவு அல்லது பரிதி. உள்ளே அடங்கும் இடம் பரப்பளவு. விளிம்பில் உள்ள எந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோடு நாண், அவற்றுக்கு இடைப்பட்ட விளிம்பின் பகுதி வில். மையத்தைத் தொட்டுச் செல்லும் நாண்தான் விட்டம். நாண்களிலேயே அதுதான் நீளமானது. இந்த ஒரு செய்தி அளக்கும்போது பெரிதும் கைகொடுக்கும்.

எதை அளப்பது, எப்படி அளப்பது

கணக்குகள் எல்லாம் ஆரத்தில் நடக்கும், ஆனால் கையில் உள்ள பொருளில் ஆரத்தை நேராக அளக்க முடியாது. மையம் எங்கே என்று யாரும் புள்ளி வைத்துத் தருவதில்லை. எனவே விட்டத்தை அளந்து பாதியாக்குவது ஒரு வழி, சுற்றளவை அளந்து பையால் வகுப்பது இன்னொரு வழி.

தட்டையான பொருளில் விட்டம் எடுக்கும் முறை:

1. ஸ்கேலின் முனை தேய்ந்திருக்கக்கூடும். அதனால் பூச்சியத்தை விட்டுவிட்டு 10 செ.மீ. கோட்டை விளிம்பில் பொருத்துங்கள். கடைசியில் 10-ஐக் கழிக்க மறக்கக் கூடாது.
2. அந்தப் புள்ளியை விரல் நகத்தால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்கேலின் மறுமுனையை மெதுவாக இடமும் வலமுமாக அசையுங்கள்.
3. எதிர் விளிம்பில் தெரியும் எண் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். ஏறிய உச்ச எண்தான் விட்டம்.
4. இதையே ஏறக்குறைய 60 டிகிரி தள்ளித் தள்ளி இன்னும் இரண்டு திசைகளில் செய்யுங்கள். மூன்றும் ஒத்துப்போனால் சராசரியை எடுத்துக்கொள்ளலாம்.

மையத்தைக் கொஞ்சம் தவறவிட்டால் என்ன ஆகும்? 40 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஸ்கேல் மையத்திலிருந்து 1 செ.மீ. விலகினால் அளவு 39.95 செ.மீ. என்று வரும், குறைவது அரை மி.மீ. மட்டுமே. 4 செ.மீ. விலகினால் 39.19 செ.மீ., அதாவது 8 மி.மீ. போய்விடும். சிறு விலகலை வட்டம் மன்னித்துவிடுகிறது, பெரிய விலகலை விடுவதில்லை. இன்னொன்று, இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: அளவு குறைந்துதான் வரும், கூடாது. பலமுறை அளந்து சராசரி பார்ப்பதைவிட உச்ச எண்ணைத் தேடுவது நல்லது என்பதற்குக் காரணம் அதுதான்.

பந்து, குழாய் போன்றவற்றுக்கு வெர்னியர் அளவி (இரு தாடைகளுக்கு நடுவே பொருளைப் பிடித்து அளக்கும் கருவி) இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் நேர்விளிம்புள்ள இரண்டு கட்டைகளைப் பொருளின் இரு பக்கமும் இணையாக நிறுத்தி அவற்றுக்கு இடையிலான தூரத்தை அளக்கலாம். குழாயில் வெளிவிட்டமா உள்விட்டமா என்பதை எழுதிவைப்பது அவசியம். சுவர் 3 மி.மீ. தடிமன் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் 6 மி.மீ.; தடிமன் இரண்டு பக்கமும் இருக்கிறதே.

சுற்றளவை அளப்பதில் ஒரு லாபம் உண்டு. சுற்றளவில் 1 மி.மீ. தவறினால் விட்டத்தில் தவறுவது 0.3 மி.மீ. மட்டுமே, ஏனென்றால் பிழையும் பையால் வகுபடுகிறது. பெரிய தூண், தொட்டி, மரத்தண்டு போன்றவற்றுக்கு இதுவே சிறந்த வழி. ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். டேப் சாய்வாகச் சுற்றப்பட்டால் அளவு கூடும். நூல் இழுபட்டு நீண்டால் அளவு குறையும். அளந்தபின் அது சுருங்கிவிடுகிறது. மூன்றாவது, சுற்றும் பொருளின் தடிமன். டேப்பின் நடுத்தடிமன் வழியாகத்தான் அதன் நீளம் அமைகிறது, ஆகவே கிடைக்கும் எண் உண்மையான விட்டத்துடன் டேப்பின் தடிமனையும் கூட்டிய வட்டத்தின் சுற்றளவு. பெரிய தொட்டியில் இது தெரியாது. 7 மி.மீ. பென்சிலில் 0.5 மி.மீ. நூலைச் சுற்றினால் ஒரு சுற்று 21.99 மி.மீட்டருக்குப் பதிலாக 23.56 மி.மீ. வரும், அதைப் பையால் வகுத்தால் விட்டம் 7.5 மி.மீ. என்று காட்டும். பத்துச் சுற்று சுற்றிப் பத்தால் வகுத்தாலும் இந்தப் பிழை போகாது. வகுத்து வந்த விட்டத்திலிருந்து நூலின் தடிமனைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நூலைவிட மெல்லிய காகிதப் பட்டை மேல். பட்டையை இறுக்கமாகச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் ஊசியால் குத்துங்கள். பிரித்தால் இரண்டு துளைகள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரமே சுற்றளவு.

பை: எந்த மதிப்பு, எப்போது

எந்த வட்டமானாலும் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் எண் ஒன்றேதான்: 3.14159265... அதுதான் பை. இந்த எண் முடிவதுமில்லை, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருவதுமில்லை. இதைப் பின்னமாக எழுத முடியாது என்று கணிதர் லாம்பெர்ட் 1761-இல் நிறுவினார். எனவே நாம் போடுவது எப்போதும் தோராயம்தான். ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே 20,000 அலகு விட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்று சொன்னார், வகுத்தால் 3.1416. இது 'நெருங்கிய' மதிப்பு என்றே அவர் குறித்தார்.

22/7 எவ்வளவு சரி? அதன் மதிப்பு 3.142857, உண்மையைவிட 0.00126 கூடுதல். 3.14 உண்மையைவிட 0.00159 குறைவு. அதாவது பலர் எண்ணுவதற்கு மாறாக, 3.14-ஐவிட 22/7 தான் பைக்குச் சற்று அருகில் இருக்கிறது. 10 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் 22/7 போட்டால் சுற்றளவு 12.6 மி.மீ. கூடும், 3.14 போட்டால் 15.9 மி.மீ. குறையும்.

ஆரமோ விட்டமோ 7-ஆல் வகுபடும் எண்ணாக இருந்தால் 22/7, மனக்கணக்கிலேயே முடிந்துவிடும். தசம எண்களோடு கையால் பெருக்க 3.14 வசதி. கால்குலேட்டரில் பை பொத்தான் இருந்தால் அதையே அழுத்துங்கள், வேறு யோசனை வேண்டாம். பொத்தான் இல்லாத சாதாரணக் கால்குலேட்டரில் 355 ÷ 113 போடலாம். 113355 என்று எழுதி நடுவே பிரித்தால் பகுதியும் தொகுதியும் கிடைத்துவிடும், மறக்காது. சீனக் கணிதர் சூ சோங்ஷி ஐந்தாம் நூற்றாண்டில் தந்த இந்தப் பின்னம், ஒரு கிலோமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவில் கால் மி.மீட்டர் அளவே தவறுகிறது.

சுற்றளவு

சுற்றளவு = பை × விட்டம் = 2 × பை × ஆரம்

விட்டம் 35 செ.மீ. என்றால் 22/7 × 35 = 110 செ.மீ. துல்லிய மதிப்பு 109.96 செ.மீ. கையில் விட்டம் இருக்கும்போது அதை ஆரமாக்கி, மறுபடி 2-ஆல் பெருக்குவது வீண் வேலை. நேராகப் பையால் பெருக்கினால் போதும்.

சக்கரம் ஒரு சுற்று உருண்டால் கடக்கும் தூரம் அதன் சுற்றளவு. 70 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் 220 செ.மீ. போகும், 1000 சுற்றில் 2.2 கி.மீ. காற்றடைத்த டயரில் இது கொஞ்சம் குறையும், எடையில் டயர் நசுங்குவதால் உருளும் ஆரம் குறைகிறது. எனவே டயருக்கு விட்டத்தை அளப்பதைவிடத் தரையில் அடையாளமிட்டு, எடையோடு ஒரு சுற்று உருட்டி அளப்பதே நம்பகம்.

நம்பச் சிரமமான ஒரு விளைவையும் இங்கே சொல்லிவிடலாம். ஆரத்தை 1 மீட்டர் கூட்டினால் சுற்றளவு 6.28 மீட்டர் கூடும். வட்டம் எவ்வளவு பெரியது என்பது பொருட்டே அல்ல. குடத்தைச் சுற்றிய கயிறானாலும் பூமியைச் சுற்றிய கயிறானாலும், எல்லா இடத்திலும் 1 மீட்டர் தள்ளி நிற்க வேண்டுமென்றால் தேவைப்படும் கூடுதல் கயிறு அதே 6.28 மீட்டர்தான்.

பரப்பளவு

பரப்பளவு = பை × ஆரம் × ஆரம்

இது எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை செய்து பார்த்தால் பிறகு மறக்காது. காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து வெட்டி, நான்கு முறை பாதி பாதியாக மடித்துப் பிரியுங்கள். மடிப்புகளின் வழியே வெட்டினால் 16 துண்டுகள் வரும். ஒன்றின் கூர்முனை மேலே, அடுத்ததன் கூர்முனை கீழே என்று மாற்றி மாற்றிப் பக்கத்தில் அடுக்கினால் ஏறக்குறைய ஒரு செவ்வகம் உருவாகும். அதன் உயரம் ஆரம். வளைந்த விளிம்புகளில் பாதி மேலேயும் பாதி கீழேயும் போய்விட்டதால் நீளம் சுற்றளவில் பாதி, அதாவது பை × ஆரம். இரண்டையும் பெருக்கினால் பரப்பு. துண்டுகள் எவ்வளவு மெல்லியவையோ அந்த அளவுக்கு அலையலையான விளிம்பு நேராகும். அரைச்சுற்றை அரைவிட்டத்தால் பெருக்கினால் பரப்பு என்று ஆரியபட்டர் சொன்னதும் இதுவே.

ஆரம் 12 செ.மீ. என்றால்: 12 × 12 = 144; 144 × 3.1416 = 452.39 ச.செ.மீ.

வரிசை முக்கியம். முதலில் ஆரத்தை வர்க்கம் செய்ய வேண்டும், பிறகுதான் பை. பையையும் ஆரத்தையும் பெருக்கிவிட்டு மொத்தத்தையும் வர்க்கம் செய்தால் விடை மூன்று மடங்குக்கு மேல் பெருத்துவிடும். ஆரத்தை வர்க்கம் செய்வதற்குப் பதிலாக 2-ஆல் பெருக்குவதும் அடிக்கடி நடக்கும். ஆரம் 2 என்று வரும் கணக்கில் இந்தத் தவறு வெளியே தெரியாது. அப்போது இரண்டும் ஒரே எண்ணைத் தரும்.

விட்டத்தை ஆரமென்று போட்டுவிட்டால் பரப்பு நான்கு மடங்காகும். பாதியாக்க மறந்துபோகும் வழக்கம் உள்ளவர்களுக்கு விட்டத்திலிருந்து நேராகப் போகும் வழி பாதுகாப்பானது:

பரப்பளவு = 0.7854 × விட்டம் × விட்டம்

இந்த 0.7854 என்பது பையில் கால் பங்கு. வட்டத்தைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தும் சதுரத்தில் 78.5 விழுக்காட்டை வட்டம் நிரப்புகிறது என்பதே இதன் பொருள். விடையைச் சோதிக்கவும் இது உதவும். வட்டத்துக்கு வெளியே பொருந்தும் சதுரத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப்போல 4 மடங்கு, உள்ளே முனைகள் தொடும்படி பொருந்தும் சதுரத்தின் பரப்பு 2 மடங்கு. வட்டத்தின் பரப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். 12 செ.மீ. ஆரத்துக்கு எல்லைகள் 288-ம் 576-ம். 452 உள்ளே அடங்குகிறது. வெளியே போனால் சந்தேகமே வேண்டாம், கணக்கு தவறு.

அலகு மாற்றுவதை வர்க்கம் செய்வதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டர் என்பது 10,000 சதுர செ.மீ.; 100 அல்ல. ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம்.

பின்னோக்கிப் போகும் கணக்குகள்

சுற்றளவு தெரியும், ஆரம் வேண்டும் என்றால் சுற்றளவை 6.2832-ஆல் வகுங்கள். பரப்பளவு தெரியும், ஆரம் வேண்டும் என்றால் பரப்பளவை முதலில் பையால் வகுத்து, பிறகு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 50 ச.மீ. பரப்புக்கு: 50 ÷ 3.1416 = 15.92, அதன் வர்க்கமூலம் 3.99 மீட்டர். வரிசையை மாற்றி, வர்க்கமூலம் எடுத்தபின் வகுத்தால் 2.25 மீட்டர் வரும். திரும்பச் சோதித்தால் அந்த ஆரத்துக்குப் பரப்பு 15.9 ச.மீட்டர்தான். இப்படிக் கிடைத்த ஆரத்தை மறுபடி சூத்திரத்தில் போட்டுப் பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது.

சுற்றளவிலிருந்து நேராகப் பரப்புக்கும் போகலாம்:

பரப்பளவு = சுற்றளவு × சுற்றளவு ÷ 12.566

சுற்றளவு 88 செ.மீ. என்றால் 7744 ÷ 12.566 = 616.3 ச.செ.மீ. இதையே 22/7 கொண்டு செய்தால் ஆரம் 14, பரப்பு சரியாக 616. ஆரத்திலிருந்து பரப்புக்குப் போகும்போது 22/7 விடையைக் கூட்டும், சுற்றளவிலிருந்து போகும்போது குறைக்கும். இங்கே பையால் வகுக்கிறோம் அல்லவா.

இடையில் முழுதாக்குவது எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. சுற்றளவு 50 செ.மீ. என்றால் ஆரம் 7.9577 செ.மீ. இதை 8 என்று வைத்துக்கொண்டால் பரப்பு 201.1, முழு எண்ணையும் வைத்திருந்தால் 198.9. கடைசி வரியில் மட்டும் முழுதாக்குங்கள்.

வில்லும் வட்டக்கோணப்பகுதியும்

இரண்டு ஆரங்களுக்கும் ஒரு வில்லுக்கும் இடையில் அடைபடும் துண்டு வட்டக்கோணப்பகுதி. மையக்கோணம் 360-இல் எத்தனை பங்கோ, சுற்றளவிலும் பரப்பிலும் அத்தனை பங்கு.

வில்லின் நீளம் = (கோணம் ÷ 360) × 2 × பை × ஆரம்
பரப்பு = (கோணம் ÷ 360) × பை × ஆரம் × ஆரம்

ஆரம் 21 செ.மீ., கோணம் 60° என்றால் ஆறில் ஒரு பங்கு. முழுச் சுற்றளவு 132, வில் 22 செ.மீ. முழுப் பரப்பு 1386, துண்டின் பரப்பு 231 ச.செ.மீ. வில்லின் நீளம் தெரிந்தால் கோணமே தேவையில்லை: வில் × ஆரம் ÷ 2. அதாவது 22 × 21 ÷ 2 = 231.

தேர்வுகளில் மதிப்பெண் போவது இந்தத் துண்டின் சுற்றளவில். வில்லோடு இரண்டு ஆரங்களும் சேர வேண்டும்: 22 + 21 + 21 = 64 செ.மீ. அரைவட்டத்துக்கும் அப்படியே. ஆரம் 7 என்றால் வளைவு 22, அதனுடன் விட்டம் 14, ஆக 36. வளைவோடு நிறுத்திவிட்டால் அது சுற்றளவாகாது, அடைபடாத வளைவு மட்டுமே.

கோணம் ரேடியனில் இருந்தால் இன்னும் எளிது: வில் = ஆரம் × கோணம். ஒரு ரேடியன் 57.3 டிகிரி. கால்குலேட்டர் எந்த முறையில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி. −0.988 வந்தால் ரேடியன்.

வளையம்

ஒரே மையமுள்ள இரண்டு வட்டங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குப் பெரிய பரப்பிலிருந்து சிறிய பரப்பைக் கழிக்க வேண்டும். வெளியாரம் 10, உள்ளாரம் 8 என்றால் 100 − 64 = 36; 36 × 3.1416 = 113.1. ஆரங்களைக் கழித்துவிட்டு வர்க்கம் செய்தால் 4 × 3.1416 = 12.6 வரும், ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டு வட்டங்களுக்கும் சரிபாதியில் ஓடும் நடுவட்டத்தின் சுற்றளவை வளையத்தின் அகலத்தால் பெருக்குவதும் ஒரு வழி. 2 × 3.1416 × 9 × 2 = 113.1. இது தோராயம் அல்ல, எந்த அகலத்துக்கும் துல்லியமாகவே பொருந்தும்.

நடுவில் ஏதோ இருந்து மையத்துக்குப் போக முடியாத வளையத்துக்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. உள்வட்டத்தைத் தொட்டபடி வெளிவட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஒரு கயிற்றை இழுங்கள். அந்த நீளத்தின் பாதியை ஆரமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பே வளையத்தின் பரப்பு. மேலே உள்ள வளையத்தில் கயிறு 12 வரும், பாதி 6, 36 × பை. ஒரே ஓர் அளவு போதும், இரண்டு ஆரங்களும் தெரிய வேண்டியதில்லை.

உடைந்த துண்டிலிருந்து முழு வட்டம்

தட்டின் ஒரு சில்லு, வளைவான சன்னலின் மேற்பகுதி, சாலையின் ஒரு திருப்பம். இங்கெல்லாம் முழு வட்டம் கிடையாது, ஒரு வில் மட்டுமே உண்டு. அதிலிருந்து ஆரத்தை எடுக்க இரண்டு அளவுகள் வேண்டும்: வில்லின் இரு முனைகளை இணைக்கும் நாண், அந்த நாணின் நடுப்புள்ளியிலிருந்து வில் வரை உள்ள உயரம்.

ஆரம் = (நாண் × நாண்) ÷ (8 × உயரம்) + உயரம் ÷ 2

நாண் 24 செ.மீ., உயரம் 8 செ.மீ. என்றால் 576 ÷ 64 = 9; அதனுடன் 4; ஆரம் 13 செ.மீ. சரிபார்ப்பதும் எளிது. மையத்திலிருந்து நாண் வரை 13 − 8 = 5, நாணில் பாதி 12; 5, 12, 13 என்பது செங்கோண முக்கோணம்.

உயரத்தை அளப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாணின் சரியான நடுப்புள்ளியைக் குறித்து, அங்கிருந்து நாணுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் உயரத்தை 8-க்குப் பதில் 8.1 என்று எடுத்தால் ஆரம் 12.94 ஆகும், அரை மி.மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தவறும். ஆனால் அதே 24 செ.மீ. நாணுக்கு உயரம் வெறும் 1 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 72.5 செ.மீ. உயரத்தில் அதே 1 மி.மீ. தவறி 1.1 என்று எடுத்தால் ஆரம் 66 செ.மீ. ஒரு மி.மீட்டர் பிழை ஆறரை செ.மீட்டராகப் பெருகிவிட்டது. ஆகவே துண்டு அனுமதிக்கும் அளவுக்கு நீளமான நாணைத் தேர்ந்தெடுங்கள். வளைவு தட்டையாக இருந்தால் உயரத்தை மி.மீட்டரின் பின்னம் வரை அளக்காமல் வரும் ஆரத்தை நம்ப முடியாது.

நாணுக்கும் வில்லுக்கும் இடைப்பட்ட வட்டத்துண்டின் பரப்பு வேண்டுமென்றால், வட்டக்கோணப்பகுதியிலிருந்து முக்கோணத்தைக் கழிக்க வேண்டும். அதே எடுத்துக்காட்டில்:

1. அரைக்கோணத்தின் சைன் = 12 ÷ 13. தலைகீழ் சைன் எடுத்தால் 67.38°. முழு மையக்கோணம் 134.76°.
2. வட்டக்கோணப்பகுதி = (134.76 ÷ 360) × 3.1416 × 169 = 198.7 ச.செ.மீ.
3. முக்கோணம் = 24 × 5 ÷ 2 = 60 ச.செ.மீ.
4. வட்டத்துண்டு = 138.7 ச.செ.மீ.

உயரம் ஆரத்தைவிட அதிகமாக இருந்தால் துண்டு அரைவட்டத்தைவிடப் பெரியது. அப்போதும் ஆரத்துக்கான சூத்திரம் மாறாது. ஆனால் கால்குலேட்டர் தரும் அரைக்கோணத்தை 180-இலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், முக்கோணத்தைக் கழிக்காமல் கூட்ட வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுவதால் கெட்டுப்போகும் கணக்குகள் நிறைய.

மையத்தைத் தேடுவது

ஒரு தாளின் மூலை சரியான செங்கோணம் என்றால் வேறு கருவியே வேண்டாம். மூலையை வட்டத்தின் விளிம்பில் வையுங்கள். தாளின் இரு ஓரங்களும் வட்டத்தை வெட்டும் இரண்டு புள்ளிகளை இணைத்தால் அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் எப்போதும் 90°. மூலையைக் கால்வட்டம் போல நகர்த்தி இன்னொரு விட்டம் வரையுங்கள். இரண்டும் வெட்டும் இடம் மையம்.

காம்பஸ் இருந்தால் இரண்டு நாண்கள் வரைந்து இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு, அதாவது நாணின் நடுப்புள்ளி வழியாகச் செங்குத்தாகப் போகும் கோடு, போடலாம். அவை வெட்டும் இடம் மையம். நாண்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தான திசைகளில் இருக்கட்டும். அருகருகே இணைபோல இருந்தால் மையக்குத்துக்கோடுகள் மிகச் சிறிய கோணத்தில் வெட்டிக்கொள்ளும், பென்சில் கோட்டின் தடிமனே மையத்தைப் பல மி.மீட்டர் நகர்த்திவிடும்.

விடையில் எத்தனை இலக்கம்

விட்டம் 40.0 செ.மீ., அதில் 1 மி.மீ. முன்பின் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். விட்டத்தின் பிழை 0.25 விழுக்காடு. சுற்றளவிலும் அதே விழுக்காடு. பரப்பில் அது இரட்டிப்பாகி 0.5 விழுக்காடு ஆகிறது, ஏனெனில் ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது. கால்குலேட்டர் 1256.637061 என்று காட்டும். உண்மையில் நமக்குத் தெரிந்தது 1257, அதுவும் 6 முன்பின். இந்த நிலையில் 3.14 போட்டதால் வரும் 0.05 விழுக்காடு பிழை ஒரு பொருட்டே இல்லை. பரப்பைத் திருத்த வேண்டுமானால் பையை விட்டுவிட்டு ஸ்கேலை மாற்ற வேண்டும்.

வட்டமே சரியில்லாதபோது

மூன்று திசைகளிலும் விட்டம் ஒன்றாக வந்துவிட்டால் வட்டம் என்று சொல்லிவிடலாமா? பெரும்பாலும் சொல்லலாம், ஆனால் உறுதியில்லை. ரூலோ முக்கோணம் என்றொரு உருவம் இருக்கிறது. மூன்று வில்களால் ஆனது, மூன்று முனைகள் துருத்தி நிற்கும். எந்தத் திசையில் அளந்தாலும் அதன் அகலம் ஒன்றேதான். இன்னும் வியப்பு, சுற்றளவும் அதே விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவேதான். பரப்பு மட்டும் பத்து விழுக்காடு குறைவு. கடைசல் வேலையில் மும்முனை சாய்ந்த தண்டுகள் வெர்னியரை ஏமாற்றிவிடுவது இப்படித்தான். வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கியில்) வைத்துச் சுழற்றி, மேலே டயல் கேஜின் (சிறு ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் அளவியின்) முள் ஆடுகிறதா என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

இதைவிட அடிக்கடி எதிர்ப்படுவது ஒரு பக்கம் நசுங்கிய வட்டம். நீளமான விட்டத்தையும் குட்டையான விட்டத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டையும் பெருக்கி 0.7854-ஆல் பெருக்குங்கள், அது நீள்வட்டத்தின் பரப்பு. 40.6-ம் 39.4-ம் என்றால் 1256.4 ச.செ.மீ.; சராசரி 40-ஐ வைத்துச் செய்தாலும் 1256.6 என்றுதான் வருகிறது, மெனக்கெடத் தேவையில்லை. 50-ம் 30-ம் என்றால் கதை வேறு: நீள்வட்டக் கணக்கில் 1178, சராசரி விட்டத்தில் 1257.

சுற்றளவில் வித்தியாசம் இவ்வளவு இருக்காது. நீள்வட்டத்தின் சுற்றளவுக்கு எளிய, துல்லியமான சூத்திரம் கிடையாது. 1914-இல் ராமானுஜன் வெளியிட்ட தோராயம் நடைமுறைக்குத் தாராளமாகப் போதும். பெரிய அரைவிட்டம் 25, சிறியது 15 என்று வைத்துக்கொண்டு:

1. இரண்டையும் கூட்டி 3-ஆல் பெருக்குக: 40 × 3 = 120.
2. பெரியதன் மும்மடங்குடன் சிறியது: 75 + 15 = 90. சிறியதன் மும்மடங்குடன் பெரியது: 45 + 25 = 70.
3. இந்த இரண்டின் பெருக்கல் 6300. அதன் வர்க்கமூலம் 79.37.
4. 120 − 79.37 = 40.63, பையால் பெருக்கினால் 127.6 செ.மீ.

சராசரி விட்டம் 40-ஐப் பையால் பெருக்கியிருந்தால் 125.7 வந்திருக்கும். விளிம்புக்குப் பட்டை வெட்டுபவருக்கு ஏறக்குறைய 2 செ.மீ. போதாமல் போகும்.